நொச்சித்தாங்கலில் ஏறியவர்கள்

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க்காரர்கள் ஆறு பேர் பஸ் ஏறி வந்து டவுனில் என் வீட்டு வாசலில் நின்றார்கள். திருவண்ணாமலை தனி ஜில்லா ஆகி ஒரு மாதம் ஆகியிருக்கும். புதுக் கலெக்டர் வந்துவிட்டார், இனி கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று ஜனங்கள் மனுவும் கையுமாக அலைந்துகொண்டிருந்த சமயம். தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து மனு எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்த மாதம் முழுக்கச் சோறு தின்ன நேரமில்லை. இவர்களும் மனுவுக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. என்ன மனு என்று தெரிந்தபோதுதான் ஏன் கதவைத் திறந்தோம் என்று ஆகிவிட்டது.

நொச்சித்தாங்கல் ஹால்ட்டை மறுபடியும் திறக்க வேண்டுமாம். மூடிப் பதினோரு வருஷம் ஆகிறது. என் பெரியப்பா மகன் சகாதேவன் அண்ணன்தான் எல்லோருக்குமாகப் பேசினார். ஊருக்குப் பெரிய மனிதர், மாரியம்மன் கோயிலுக்குத் தர்மகர்த்தா. சும்மா திறங்கள் என்று கேட்டால் குப்பைக்கூடைக்குப் போய்விடும், ஸ்டேஷன் எப்போது வந்தது, யார் மண் சுமந்தது, யாருக்கெல்லாம் பயன்பட்டது, ஏன் மூடினார்கள் என்று வரலாறு மாதிரி எழுத வேண்டும் என்றார். ஏழு வருஷம் அந்த ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்தவன் நான். என்னை விட்டால் வேறு யாரிடம் போவார்கள்?

உனக்குத் தெரியாததா லிங்கம் என்று என் முதுகில் தட்டினார். எனக்குத் தெரியாதது அந்த ஸ்டேஷனில் ஒன்றும் இல்லை. என் கஷ்டமே அதுதான்.

அடுத்த ஞாயிறு ஊர்க்கூட்டத்தில் மனுவை வாசித்துக் காட்டுவது, அங்கேயே கையெழுத்து வாங்கிவிடுவது என்று பேசிவிட்டு காபி குடித்துப் போனார்கள். அந்த மனுவில் நான் என்ன எழுதினேன், வாசித்தபோது என்ன நடந்தது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். மனுவில் இதற்கெல்லாம் இடம் கிடையாது.

எங்கள் ஊர் விழுப்புரத்திலிருந்து காட்பாடி போகிற சின்ன லைனில் இருக்கிறது. ஐம்பத்தாறில் ஊர் ஜனம் அலையாய் அலைந்து வாங்கிய ஸ்டேஷன். ரயில்வே கொடுத்தது ஒரு பெயர்ப்பலகையும் தகரக் கூரை போட்ட ஓர் அறையும்தான். பிளாட்பாரத்துக்கு மண் கொட்டியது ஊர். என் அப்பா முன்னே நின்று வீட்டுக்கு நாற்பது கூடை என்று முறை வைத்தார். ஸ்டேஷன் மாஸ்டர், சிக்னல், மணி எதுவும் கிடையாது. ஹால்ட் என்றால் அப்படித்தான், ரயில்வே ஆள் யாரும் இருக்கமாட்டார். உள்ளூர்க்காரன் ஒருவனை ஏஜெண்டாகப் போட்டுவிடுவார்கள். அவன் டவுன் ஸ்டேஷனில் அட்டை டிக்கெட்டுகளை வாங்கிவந்து விற்கவேண்டும். எழுபத்தொன்றில் அந்த வேலை எனக்கு வந்தது. எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டைவிட்டவனுக்கு அது கலெக்டர் உத்தியோகம். காக்கிச் சட்டைகூடப் போட்டுக்கொண்டேன். ரயில்வே கொடுத்ததல்ல, நானே டவுனில் துணி எடுத்துத் தைத்தது.

காலையில் ஒரு வண்டி, சாயங்காலம் ஒரு வண்டி. பூ கொண்டுபோகிற பெண்கள், வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், டவுன் ஹைஸ்கூலில் படிக்கிற பிள்ளைகள் என்று தினமும் முப்பது நாற்பது பேர் ஏறுவார்கள். கார்த்திகை தீபத்தன்றைக்குக் கேட்கவே வேண்டாம், கூரைமேல்கூட ஆள் இருக்கும்.

ஊருக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே ஓர் ஓடை ஓடுகிறது. அந்த ஓடைதான் ஊருக்கு எல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் அந்த ஓடையால் வந்தது. இல்லை, பொய். எல்லாம் என்னால் வந்தது.

ஆடி மாதம் எங்கள் ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுவோம். செவ்வாய்க்கிழமை அம்மனுக்குக் கட்டிவிட்டு ஊரில் எல்லோர் கையிலும் மஞ்சள் கயிறு கட்டிவிடுவார்கள். அடுத்த செவ்வாய் கூழ் வார்த்துக் கரகம் இறங்குகிறவரை யாரும் எல்லை தாண்டக்கூடாது. மற்ற ஊர்களில் ராத்திரி வீடு திரும்பினால் போதும் என்பார்கள். எங்கள் ஊரில் கெடுபிடி ஜாஸ்தி. ஓடையில் கால்கூட வைக்கமாட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் அந்த வாரம் லீவு. வண்டி வந்து நிற்கும், பிளாட்பாரத்தில் நான் மட்டும் நிற்பேன், கார்டு கொடியை ஆட்டிவிட்டுப் போவார். ஏஜெண்ட் என்பதால் நான் காப்புக் கட்டிக்கொள்ளாமல் இருக்கலாம் என்று ஊரே விலக்குக் கொடுத்திருந்தது.

அந்த விலக்குதான் எனக்கு வினையாகிப்போனது. என் அப்பா இருபத்திரண்டு வருஷம் அம்மன் கரகம் எடுத்தவர். எழுபத்தெட்டு தை மாதம் அவர் போய்ச் சேர்ந்தார். முறைப்படி கரகம் எனக்கு வரவேண்டும். ஆனி மாதக் கடைசியில் கூட்டம் போட்டபோது நான் எழுந்து கேட்டேன். அந்த ஒரு வாரத்துக்குப் பக்கத்து ஊர் ஆளை ஸ்டேஷனில் உட்கார வைக்கிறேன், நானும் காப்புக் கட்டிக்கொள்கிறேன் என்றேன். சகாதேவன் அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"டிக்கெட் கிழிக்கிறவனுக்குக் கரகம் எதுக்குடா? அந்தக் காக்கிச் சட்டையப் போட்டுக்கினு தூக்குவியா?"

கூட்டம் சிரித்தது. பின்னால் நின்ற பெண்களும் சிரித்தார்கள். என் மனைவி ஆதிலட்சுமி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். கரகம் அண்ணனுக்கே என்று முடிவாயிற்று. அவர் சொன்னது பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை, ஊரில் எல்லோரையும் அப்படித்தான் கிண்டல் செய்வார். ஆனால் எனக்கு நாலு நாள் சோறு இறங்கவில்லை. நானாகத் தைத்துக்கொண்ட சட்டை அது. அதை ஊரே பார்த்துச் சிரிக்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதேயில்லை.

ஐந்தாவது நாள் விழுப்புரத்திலிருந்து ரயில்வே இன்ஸ்பெக்டர் வந்தார். நசீருதீன் என்று பெயர். ஐம்பது வயதிருக்கும், அதிர்ந்து பேசாத மனிதர். கூட்டம் குறைவான ஹால்ட்டுகளை மூடுவதாக யோசனை இருக்கிறது, அதனால் ஒவ்வொரு ஹால்ட்டிலும் ஏழு நாள் ஆள் எண்ணப் போகிறோம் என்றார். வண்டியில் ஏறுகிறவர்கள்தான் கணக்கு, இறங்குகிறவர்கள் கிடையாது. ஆடியில் இரண்டாவது செவ்வாயிலிருந்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டு ஒரு தாளை நீட்டினார். அந்த வாரத்தில் திருவிழா, சந்தை, விசேஷம் ஏதாவது இருந்தால் எழுது, வேறு வாரம் போடுகிறேன் என்று அவராகவே சொன்னார்.

ஆடி இரண்டாவது செவ்வாய்தான் காப்பு. எனக்கு அது தெரியாமல் இல்லை. 'வழக்கமான வாரம், விசேஷம் எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஸ்டேஷனை மூடவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அது என் பிழைப்பு. நான் போட்ட கணக்கே வேறு. காப்பு வாரத்தில் ஆள் எண்ண வருகிறார்கள் என்று தெரிந்ததும் ஊர் பதறிக்கொண்டு என்னிடம் வரும். லிங்கம், நீதான் காப்பாற்ற வேண்டும் என்று அண்ணன் என் வாசலில் வந்து நிற்பார். அப்போது கரகத்தைக் கேட்பேன். அவர்கள் சரி என்றதும் விழுப்புரத்துக்கு ஒரு தபால் கார்டு போட்டால் தேதி மாறிவிடும். இதை நினைத்து நினைத்து நான் தனியாகச் சிரித்துக்கொண்டது இன்றைக்கு ஞாபகம் வந்தால் உடம்பு கூசுகிறது.

காப்பு வாரத்தில் ஸ்டேஷனைப் பார்த்து ஆள் எண்ண ஆபீசர் வருகிறார் என்று அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அதோடு வந்துவிட்டேன். யாரும் என் வாசலுக்கு வரவில்லை. இரண்டு நாள் கழித்து டீக்கடையில் அண்ணன் சொன்னது காதுக்கு வந்தது. நம்ம லிங்கம் இருக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான், நாம் ஆபீசருக்குச் சாப்பாட்டை மட்டும் குறையில்லாமல் கொடுத்தால் போதும் என்றாராம்.

இதைக் கேட்டு மனசு இளகியிருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. என் வேலையை நம்புவார்கள், என்னைக் கரகத்தைத் தொட விடமாட்டார்கள் என்று கறுவிக்கொண்டே நாளைத் தள்ளினேன். இன்றைக்கு வருவார்கள், நாளைக்கு வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே காப்புக் கட்டியாகிவிட்டது. கார்டு போடவே இல்லை.

நசீருதீன் சார் புங்கமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மடியில் நோட்டு. முதல் நாள் காலை வண்டிக்கு ஒருவரும் இல்லை, சாயங்காலமும் இல்லை. இரண்டாம் நாளும் அப்படியே. ஊருக்குள்ளிருந்து பம்பைச் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. வேளாவேளைக்கு அவருக்குச் சாப்பாடு வந்தது. ஓடைக்கு அந்தக் கரையில் தூக்கை வைத்துவிட்டுக் குரல் கொடுப்பார்கள், நான் போய் எடுத்துவந்து பரிமாறுவேன். கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, கொழுக்கட்டை. இந்த மாதிரி மரியாதை எந்த ஊரிலும் பார்த்ததில்லை என்று அவர் சொன்னார். மூன்றாம் நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது கேட்டார்.

"ஏம்பா, மேளச் சத்தம் கேக்குது, சோறு வருது, ஆள் மட்டும் காணோமே. இந்த ஊர்ல யாரும் எங்கயும் போறதில்லயா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் பையிலிருந்து அந்தத் தாளை எடுப்பார், என் கையெழுத்தைக் காட்டுவார், அப்படியானால் ஏனப்பா இப்படி எழுதினாய் என்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தேன். இங்கே இப்படித்தான் சார், ஜனம் கம்மி என்று சொல்லிவிட்டு எச்சில் இலையை எடுத்துக்கொண்டு போனேன்.

நாலாம் நாள்தான் ஜோதியக்கா கேட்டாள். எனக்கு அக்கா முறை, கூடப் பிறந்தவள் இல்லை. புருஷன் போனபிறகு அரைக் காணி நிலத்தில் சாமந்தி போட்டு, தினமும் காலை வண்டியில் டவுனுக்குக் கொண்டுபோய்க் கோயில் வாசல் பூக்கடைகளுக்குக் கொடுப்பாள். அந்த ஏழு வருஷத்தில் என்னிடம் அதிக டிக்கெட் வாங்கியது அவள்தான். காப்பு வாரத்தில் அவள் கூடையை ஓடைக்கரைவரை கொண்டுவந்து வைப்பாள், நான் எடுத்துப்போய் ரயிலில் கார்டின் பெட்டியில் ஏற்றிவிடுவேன், டவுனில் கடைக்காரர் இறக்கிக்கொள்வார். அன்றைக்குக் கூடையை வைத்துவிட்டு மரத்தடியில் இருப்பவர் யார் என்று கேட்டாள். ஆள் எண்ண வந்திருக்கிறார் என்றேன். எத்தனை பேர் ஏறினார்கள் என்றாள். யாரும் இல்லை என்றேன். யாரும் ஏறாவிட்டால் என்ன ஆகும் என்றாள். மூடிவிடுவார்கள் என்றேன்.

அவள் மரத்தடியிலிருந்து பார்வையை என் பக்கம் திருப்பினாள். "இந்த வாரந்தான் வரணுமா? காப்புன்னு நீ சொல்லக்கூடாதா தம்பி?"

"மேலருந்து போட்ட தேதிக்கா. நம்ம கையில இன்னா கீது?"

ஒரு நொடிகூட யோசிக்காமல் அப்படிச் சொன்னேன். அவள் நம்பினாள்.

மறுநாள் காலை கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடையில் இறங்கி இந்தக் கரைக்கு ஏறிவந்தாள். மணிக்கட்டில் கயிறு இல்லை. அம்மன்கிட்ட சொல்லிவிட்டு அவிழ்த்து உண்டியலில் போட்டுவிட்டேன், தப்பாக இருந்தால் என்னைக் கேட்கட்டும் என்றாள். முகம் வெளுத்திருந்தது. சில்லறையை எண்ணி வைத்து டிக்கெட் வாங்கினாள். நசீருதீன் சார் நிமிர்ந்து உட்கார்ந்து நோட்டில் ஒரு கோடு போட்டார். ஐந்தாம் நாள், ஆறாம் நாள், ஏழாம் நாள், மூன்று நாளும் அவள் வந்தாள். மூன்று கோடு. திங்கட்கிழமை சாயங்கால வண்டிக்கு அவர் நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, பாவம் நல்ல ஊர் என்று சொல்லிவிட்டு ஏறினார். அவர் ரயில்வே பாஸில் வந்தவர், அவர் கணக்கில் வரமாட்டார்.

மறுநாள் கூழ் வார்த்தல். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் காலை வண்டியில் வந்து குமிந்தார்கள். புதன்கிழமை அத்தனை பேரும் திரும்பிப் போனார்கள், காப்பு அவிழ்த்த ஊர்க்காரர்களும் கூடவே ஏறினார்கள். நூற்று அறுபது டிக்கெட். அட்டை தீர்ந்துபோய்த் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே கைகள் நீண்டுகொண்டே இருந்தன. எழுத எழுத எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, புழுதி என்று துடைத்துக்கொண்டேன்.

புரட்டாசியில் நோட்டீஸ் வந்தது. ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளில் எழுதலாம் என்று அதில் இங்கிலீஷில் இருந்தது. ஊரில் அதைப் படிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். ஸ்டேஷனை மூடப் போகிறார்கள் என்று மட்டும் சொன்னேன். முப்பது நாள் விஷயத்தைச் சொல்லவில்லை. ஆட்சேபம் எழுதினால் அந்தத் தாள் வெளியே வரும், கையெழுத்து வெளியே வரும். முப்பது நாளும் ஒவ்வொன்றாகக் கழிந்தது. கழியக் கழிய எனக்கு மூச்சு விடச் சுலபமாக இருந்தது.

அதே புரட்டாசியில் ஊரில் அம்மை போட்டது. ஊர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது. காப்பை அவிழ்த்து எல்லை தாண்டினாள், அம்மன் கோபித்துக்கொண்டாள், அம்மையும் வந்தது, ஸ்டேஷனும் போயிற்று என்றார்கள். கூட்டம் போட்டு ஜோதியக்காவை நிறுத்தினார்கள். ஸ்டேஷனுக்காகத்தான் போனேன் என்று அவள் சொன்னாள். யாரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பி, தம்பியைக் கேளுங்கள் என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"மூணு டிக்கெட் வாங்குனாங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதில் ஒரு பொய்கூட இல்லை.

இனிமேல் அவள் கையில் காப்புக் கட்டுவதில்லை, அம்மன் காரியம் எதற்கும் அவள் பூ வேண்டாம், நல்லது கெட்டதுக்கு அவளைக் கூப்பிட வேண்டாம் என்று தீர்ப்பாயிற்று. அடுத்த ஜனவரியிலிருந்து வண்டி எங்கள் ஊரில் நிற்காமல் போயிற்று. நான் குடும்பத்தோடு டவுனுக்கு வந்துவிட்டேன். ஜோதியக்கா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நாலு மைல் நடந்து ரோட்டுக்குப் போய் பஸ் பிடித்தாள். இப்போதும் அப்படித்தான் போகிறாள். அறுபது வயது ஆகிறது.

எண்பத்துநாலில் என் மூத்த மகள் சந்திரகலாவுக்குக் கல்யாணம், ஊர்க் கோயிலில். கூப்பிடாமலேயே ஜோதியக்கா வந்தாள். விடியற்காலையிலேயே கட்டிய மாலையை வாழை இலையில் சுற்றி எடுத்துவந்திருந்தாள். உள்ளே வராமல் பந்தல்கால் ஓரம் நின்று என்னிடம் நீட்டினாள். சகாதேவன் அண்ணன் என் காதோடு, அந்தப் பூ பொண்ணு கழுத்தில் ஏறவேண்டாம் என்றார். நான் மாலையை வாங்கி, தண்ணீர் அண்டாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு டவுன் மாலையைப் போடச் சொன்னேன். அவள் அதைப் பார்த்தாள். சாப்பிடாமல் போய்விட்டாள். அந்த மாலையை ஆதிலட்சுமி எடுத்துத் தன் தலையில் கொஞ்சம் கிள்ளி வைத்துக்கொண்டாள், என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அவளுக்கும் முழு விஷயம் தெரியாது. தெரிந்திருந்தால் இரண்டு நாளோடு போயிருக்காது.

இதுதான் வரலாறு. ஊருக்கு வேண்டிய வரலாறு எது என்று எனக்குத் தெரியும். ஐம்பத்தாறு, நாற்பது கூடை மண், தீபத்தன்றைக்குக் கூரைமேல் ஜனம். அதை எழுதுவது எனக்குக் கஷ்டமே இல்லை, இரண்டு பக்கம் உருக்கமாக எழுதிவிட்டேன். மூடிய காரணத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. எண்பத்தொன்றில் ஊர் ஒரு தடவை மனுப் போட்டுப் பார்த்திருக்கிறது. வழக்கமான வாரத்தில் எண்ணியதில் ஏறியவர்கள் மூன்று பேர், ஏஜெண்டின் எழுத்துமூலமான ஒப்புதல் கோப்பில் உள்ளது என்று பதில் வந்ததாம். மனு கேட்டு வந்தபோது சகாதேவன் அண்ணன் அந்தக் கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஒப்புதல் என்றால் டிக்கெட் விற்கிற ஒப்பந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆக, அந்த எண்ணிக்கை தப்பு என்று காட்டாமல் எந்த மனுவும் நிற்காது. தப்பு என்று காட்ட ஒருவனால்தான் முடியும். தைரியம் வந்து எழுதினேன் என்று சொன்னால் அதுவும் பொய். வேறு வழி இல்லாமல் எழுதினேன். நாலு தடவை கிழித்துப் போட்டு ஐந்தாவது தடவை எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. ஜோதியக்கா அடிபம்புக்கு அந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தாள். மனுவுக்குக் கைநாட்டு வைக்க வந்திருப்பாள் போலிருந்தது. நான் நின்றுகொண்டு வாசித்தேன். மண் சுமந்த கதை வந்தபோது கிழவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். பிறகு அந்தப் பாரா வந்தது. குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி ஆரம்பித்து வாசித்தேன்.

"1978 ஆடி மாதம் ஆள் எண்ணிய வாரம் வழக்கமான வாரம் அல்ல. ஊரார் காப்புக் கட்டி எல்லை தாண்டாதிருக்கும் வாரம். அதைத் தெரிந்தே மறைத்து, விசேஷம் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டவன் அப்போது ஏஜெண்டாக இருந்த நான். ஊரார்மீது எனக்கிருந்த கோபத்தால் இதைச் செய்தேன். அந்த வாரம் ஏறிய மூன்று பேரும் ஒருவரே. அவர் பெயர் ஜோதியம்மாள். ஸ்டேஷனைக் காப்பாற்ற முயன்றது அவர் ஒருவர்தான். அது மூடியதற்குக் காரணம் அவர் அல்ல, நான்."

தாளை மடித்துக்கொண்டேன். அடிக்க வருவார்கள் என்று நினைத்தேன், மண்ணை வாரித் தூற்றுவார்கள் என்று நினைத்தேன். எதற்கும் தயாராகத்தான் வந்திருந்தேன். சகாதேவன் அண்ணன் எழுந்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களாடா? எங்க சித்தப்பன் புள்ள. ஒரு பொம்பள மேல இருக்கிற பழியத் தூக்கித் தன் தலைமேல வச்சிக்கிறான். இந்த மனசு யாருக்கு வரும்?"

கூட்டத்தில் உச்சுக்கொட்டும் சத்தம் எழுந்தது. லிங்கம் அப்பவே அப்படித்தான், தங்கமான மனுஷன் என்று யாரோ சொன்னார்கள். சொந்தப் பிழைப்பை எவனாவது கெடுத்துக்கொள்வானா, ஸ்டேஷன் போனதில் அதிகமாய்க் கெட்டது இவன்தானே என்று இன்னொருவர் நியாயம் பேசினார். ரயில்வேக்காரன் நிஜம் என்று நம்பிக் கேஸ் போட்டுவிடப் போகிறான், அந்தப் பாராவை எடுத்துவிடு என்று அண்ணன் என் தோளில் கை வைத்தார்.

"இல்லண்ணா, நெசந்தான்" என்றேன்.

"சரிடா, சரி" என்றார், குழந்தையைச் சமாதானப்படுத்துவது போல.

ஒரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லவில்லை. உரக்கச் சொல்லியிருக்கலாம், கோயிலில் சூடம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்திருக்கலாம், நம்பாமல் எங்கே போவார்கள்? நான் பேசாமல் நின்றேன். அந்தப் பாராவை எடுக்கவில்லை, அது இன்னும் மனுவில் இருக்கிறது. ஆனால் தாளில் இருப்பதை ஆபீசில் யாரோ படித்துக்கொள்வார்கள். ஊருக்கு நான் தங்கமான மனுஷன்.

கையெழுத்து ஆரம்பமாயிற்று. எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள், மற்றவர்களுக்கு நான் மைப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு விரலை உருட்டிவிட்டேன். கடைசியில் ஜோதியக்கா எழுந்து வந்தாள். இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். லிங்கம் இவ்வளவு தூரம் சொன்னபிறகு போகட்டும், வைக்கட்டும் என்று அண்ணன் பெரிய மனசு செய்தார்.

அவள் கட்டைவிரலை நீட்டினாள். நான் அதைப் பிடித்து மையில் வைத்தேன். பதினோரு வருஷமாகச் சொல்லவேண்டியதை எல்லாம் அப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள். கோபமாகச் சொல்லவில்லை. பூ விலை சொல்வது போலத்தான் சொன்னாள்.

"இவங்க நம்பலன்னு தெரிஞ்சதும் உன் மூஞ்சி தெளிஞ்சிது பாரு தம்பி, அத நான் பாத்துக்கினுதான் இருந்தேன். அதையும் எழுதிக்கோ."

விரலைத் தாளில் அழுத்திவிட்டு, மையைத் தன் புடவைத் தலைப்பிலேயே துடைத்துக்கொண்டு போனாள். எழுதிவிட்டேன்.